போர்ட் திறந்தும் நண்பர்கள் நுழைய முடியவில்லையா? குறை உங்கள் ரவுட்டரில் இல்லாமல் இருக்கலாம்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றில் நடக்கக்கூடிய காட்சி இது. படிவம் 5 மாணவர் ஒருவர் பழைய கணினியில் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டுக்கான சர்வரை நிறுவுகிறார். தாப்பாவிலும் ஈப்போவிலும் உள்ள நான்கு நண்பர்கள் அதில் சேர வேண்டும். காணொளி ஒன்றைப் பார்த்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, 25565 என்ற போர்ட்டைத் திறந்து விடுகிறார். வீட்டிலேயே இருக்கும் தங்கையின் மடிக்கணினியில் சர்வர் தெரிகிறது. தாப்பா நண்பருக்கோ ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்றே வருகிறது.

ரவுட்டரை அணைத்துப் போடுகிறார். எண்ணை மாற்றிப் பார்க்கிறார். கணினியின் பாதுகாப்பு அரணையும் அணைத்து விடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. ‘எனக்கு இது வரவில்லை’ என்ற முடிவோடு படுக்கப் போகிறார்.

அவருக்கு அது வந்திருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகவே செய்திருக்கலாம். கம்பியில்லா இணையத்தை நம்பியிருக்கும் வீடுகளில் தடை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அது ஏன் அங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், நாட்டின் இணையக் கொள்கை வரை போக வேண்டி வரும்.

கிராணியின் பதிவேடு

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் லயத்து வீடுகளுக்குக் கடிதங்கள் நேராக வராது. தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணிதான் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். வெளியுலகுக்குத் தெரிந்தது தோட்டத்தின் முகவரி ஒன்றுதான்.

வீட்டு ரவுட்டரும் ஒரு கிராணிதான். உங்கள் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்களை அது கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்கள் அவை. வெளியே ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைக் கேட்டால், ‘இதைக் கேட்டது இன்ன கணினி’ என்று பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அந்தக் கணினியிடம் சேர்க்கும்.

யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் கடிதத்தை என்ன செய்வது? பதிவேட்டில் குறிப்பு இல்லாததால் கிராணி அதை ஒதுக்கி வைத்துவிடுவார். உங்கள் சர்வரில் சேர முயலும் நண்பரின் அழைப்பு அப்படிப்பட்ட கடிதம்தான். ‘25565 என்று எழுதி வரும் எதையும் அந்தப் பழைய கணினியிடம் கொடுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதற்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங்.

முதலில் வீட்டுக்குள் தேடுவோம்

வெளியே பழி போடும் முன் வீட்டைச் சரிபார்ப்பது முறை. வரிசையாகப் பார்த்தால் அரை மணி நேரம் போதும்.

முதலாவது, சர்வர் ஓடுகிறதா? சர்வர் நின்றிருக்கும்போது எந்தச் சோதனைத் தளத்தில் பார்த்தாலும் போர்ட் மூடியிருப்பதாகவே காட்டும். அதே வீட்டின் இன்னொரு கணினியிலிருந்து சேர்ந்து பாருங்கள். அது முடியவில்லை என்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். குறை சர்வரிலோ கணினியின் பாதுகாப்பு அரணிலோ இருக்கிறது.

இரண்டாவது, கணினியின் எண் மாறிவிட்டதா? ரவுட்டர் தரும் உள் எண் நிலையானதல்ல. நேற்று 192.168.1.5 என்றிருந்த கணினி இன்று 192.168.1.9 ஆகியிருக்கலாம். கிராணி பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருப்பார். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாவது, வழிமுறை சரியா? கணினியில் விளையாடும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565. கைப்பேசியிலும் ஓடும் பெட்ராக் பதிப்புக்கு யுடிபி 19132. எண் சரியாக இருந்து டிசிபிக்குப் பதில் யுடிபி என்று குறித்திருந்தால் கதவு திறக்காது.

நான்காவது, எங்கிருந்து சோதிக்கிறீர்கள்? வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் வெளி எண்ணை அழைத்தால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடுவதில்லை. வெளியூர் நண்பரை முயலச் சொல்லுங்கள். அல்லது மடிக்கணினியை வேறு சிம் உள்ள கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் உள்ளனவா? நிறுவனம் கொடுத்த மோடத்துக்குப் பின்னால் கடையில் வாங்கிய ரவுட்டரையும் மாட்டியிருந்தால், இரண்டு கிராணிகள். ஒருவரிடம் மட்டும் சொல்லியிருப்பீர்கள். மற்றவர் கடிதத்தை நிறுத்தி விடுவார். இரண்டிலும் போர்ட்டைத் திறக்க வேண்டும், அல்லது ஒன்றை வெறும் இணைப்புக் கருவியாக மாற்ற வேண்டும்.

இந்த ஐந்தும் சரியாக இருந்தால் ஆறாவது சோதனைக்கு வாருங்கள். கேமரன் மலை வீட்டுக்கு முக்கியமானது இதுதான்.

இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், இணைய நிறுவனம் அதற்குக் கொடுத்த ஐபி எண் இருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் இணையத்தளம் ஒன்றைத் திறந்து அங்கே தெரியும் எண்ணையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி உண்டு. சிக்கல் வீட்டுக்குள்தான், மேலே சொன்னவற்றை மீண்டும் பாருங்கள்.

இரண்டும் வெவ்வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால் விஷயம் முடிந்தது. அந்த வரிசை 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரே நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டது. ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களிடையே பங்கிடும் நிறுவனங்கள் தங்கள் உள் வலைக்குப் பயன்படுத்தவே அது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்ணையும் கொடுப்பதுண்டு. இந்த ஏற்பாட்டைத் தொழில்நுட்ப வட்டாரத்தில் ‘சிஜி-நாட்’ என்பார்கள்.

அதாவது, உங்கள் வீட்டுக் கிராணிக்கு மேலே நகரத்தில் இன்னொரு தலைமைக் கிராணி இருக்கிறார். அவருடைய பதிவேடு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது. அதில் ஒரு வரி எழுத உங்களுக்கு அனுமதி கிடையாது. உங்கள் ரவுட்டரில் நூறு முறை போர்ட்டைத் திறந்தாலும் நண்பரின் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள் உண்டு. வீட்டுக்கு ஆயிரம் என்று பங்கிட்டால் ஒரே முகவரியின் கீழ் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளை வைக்கலாம். ஒரு தோட்டத்தின் லயங்கள் முழுவதும் வெளியுலகுக்கு ஒரே எண்ணாகத் தெரியும்.

முகவரிகள் தீர்ந்த கதை

இதை நிறுவனங்களின் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இன்றும் பெரும்பாலும் புழங்கும் ஐபி நான்காம் பதிப்பில் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகில் உள்ள மனிதர்களுக்கு ஆளுக்கு ஒன்று கூட வராது. உலக அளவிலான மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு எண்களைப் பிரித்துக் கொடுக்கும் ‘ஏப்நிக்’ அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15இல் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. உலக வட்டாரங்களில் அந்த நிலையை முதலில் எட்டியது நம்முடையதுதான். அதன் பிறகு ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 எண்கள் என்று கட்டுப்படுத்தினார்கள். 2019இல் அது 512 ஆகக் குறைந்தது.

கைப்பேசிகள் கோடிக்கணக்கில் பெருகியது அதற்குப் பிறகுதான். பங்கிட்டுக் கொடுக்காமல் அந்தப் பெருக்கத்தைத் தாங்கியிருக்க முடியாது. ஆகவே கைப்பேசி அலைக்கற்றை வழியாக வரும் இணையம் பெரும்பாலும் பங்கு முகவரியில்தான் ஓடுகிறது. 2023 ஜூலையில் நம் நாட்டில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்தின் அடிப்படை வீட்டுத் திட்டமும் அப்படித்தான்.

தோட்டத்துக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?

நகரத்து அடுக்குமாடி வீட்டில் பங்கு முகவரி கிடைத்தால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். கண்ணாடியிழைக் கம்பி வாசல் வரை வந்திருப்பதால் தேர்வு உண்டு. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனம் முதல், கேமரன் மலையின் தோட்டங்கள் விளைச்சலைப் பார்த்து அமைக்கப்பட்டவை. சரிவுகளுக்கு நடுவே, பிரதான சாலையிலிருந்து விலகிய சிறு சிறு குடியிருப்புகள். கம்பி இழுக்கும் தூரம் அதிகம். அந்தத் தூரத்தின் முடிவில் இருக்கும் வீடுகளோ சில. வீடும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால், கம்பம் நடத் தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

எனவே கோபுரமும் சிம் அட்டை ரவுட்டருமே எளிய தீர்வாகிறது. இந்த இணைப்புக்குக் கேமரன் மலையின் மூடுபனி எதிரியல்ல. 4ஜி அலைகளை அது பெரிதாகத் தடுக்காது. மலை மடிப்புகள்தான் தடுக்கின்றன. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் சரிவில் இருக்கும் வீட்டுக்கு நல்ல வேகம், மறுபக்கத்து வீட்டுக்கு ஒரு கோடு. வேகம் நன்றாகக் கிடைக்கும் வீட்டுக்கும் கிடைப்பது பங்கு முகவரிதான்.

2020 ஜூனில் சபாவின் பிதாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறிய காணொளி நாட்டையே பேச வைத்தது. அதே ஆண்டு ஜெண்டேலா எனும் தேசிய இலக்கவியல் இணைப்புத் திட்டம் தொடங்கியது. முதல் கட்ட இலக்குகள் தெளிவாக இருந்தன: மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி, சராசரி வேகம் 35 எம்பிபிஎஸ், 75 இலட்சம் கட்டடங்களுக்குக் கண்ணாடியிழை வசதி. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. அதே டிசம்பரில் 5ஜி தொடங்கியது.

இந்த இலக்குகள் தேவையானவை. அவற்றால் பயனடைந்த மாணவர்கள் ஏராளம். ஆனால் அவை எதை அளந்தன என்று கவனியுங்கள். அலை எட்டுகிறதா, எவ்வளவு வேகம், எத்தனை கட்டடம். அந்த வீட்டை வெளியிலிருந்து யாராவது அழைக்க முடியுமா என்பது அந்தக் கணக்கில் இல்லை. தோட்டத்து மாணவர் பார்க்கலாம், கேட்கலாம், பதிவிறக்கலாம். தன் வீட்டில் ஒன்றை நடத்தி ‘வாருங்கள்’ என்று பிறரை அழைக்க முடியாது. கணக்கில் அவரும் இணைக்கப்பட்டவர்தான்.

விளையாட்டுதானே என்கிறீர்களா?

பெற்றோர் கேட்பது நியாயம். ஆனால் அந்த விளையாட்டுச் சர்வரை நடத்த மாணவர் என்னென்ன கற்றார் என்று பாருங்கள். ஐபி எண்கள், போர்ட்கள், பாதுகாப்பு அரண், பதிவுக் கோப்பைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பது. போலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் கணினி வலையமைப்புப் பாடத்தில் சொல்லித் தருவது இவற்றைத்தான். நாளை அவர் தன் இறுதியாண்டுத் திட்டத்துக்காகக் காய்கறித் தோட்டத்துப் பசுமைக்குடிலின் ஈரப்பதத்தை அளந்து காட்டும் சிறு சர்வர் ஒன்றை வீட்டில் வைக்க விரும்பினாலும் இதே கதவில்தான் முட்டுவார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நான்கு ஆண்டுகளில் 220 கோடி அமெரிக்க டாலரும், கூகுள் 200 கோடி டாலரும் மலேசியாவில் முதலீடு செய்வதாக அறிவித்தன. ஜொகூரின் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் தரவு மையங்கள் எழுகின்றன. உலகத்தின் சர்வர்களை வைத்திருக்கும் நாடாக மலேசியா மாறி வருகிறது. அந்த மையங்களில் வேலை செய்ய நமக்கு இளைஞர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் முதல் சர்வரைத் தன் வீட்டில் நடத்திப் பார்க்க முடியாமல் போனால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல.

என்ன செய்யலாம்?

பங்கு முகவரி என்று உறுதியானபின் ரவுட்டரோடு போராடுவதை நிறுத்துங்கள். வழிகள் நான்கு உண்டு.

நிறுவனத்தை அழைத்து ‘பொது ஐபி முகவரி தர முடியுமா’ என்று கேளுங்கள். கண்ணாடியிழை இணைப்புக்குச் சில நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன, சில கட்டணம் வாங்குகின்றன. சிம் இணைப்பில் கிடைப்பது அரிது. கேட்பதற்குச் செலவில்லை.

அடுத்தது ஐபி ஆறாம் பதிப்பு. அதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை; ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி. மலேசிய இணையப் பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பலருக்குத் தெரியாது. கணினியின் முகவரிப் பட்டியலில் 2 என்று தொடங்கி முக்காற்புள்ளிகளோடு நீளமாக ஓர் எண் இருந்தால் உங்களிடமும் உண்டு. இங்கே போர்ட் ஃபார்வர்டிங் தேவையில்லை. ரவுட்டரின் அரணில் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். இரண்டு நிபந்தனைகள்: நண்பரிடமும் ஆறாம் பதிப்பு இருக்க வேண்டும், நிறுவனம் உள்வரும் அழைப்பை மறித்து வைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, சுரங்கப்பாதை. டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற மென்பொருள்களை நீங்களும் நண்பர்களும் நிறுவினால் எல்லாரும் ஒரே வீட்டு வலையில் இருப்பதுபோல ஆகிவிடும். நான்கைந்து பேருக்கு இதுவே எளிது, இதுவே பாதுகாப்பானதும் கூட. உங்கள் கணினிதான் முதலில் வெளியே கை நீட்டுகிறது என்பதால் தலைமைக் கிராணி தடுக்க மாட்டார். கூட்டம் அதிகம் என்றால் பிளேஇட் போன்ற இடைச் சேவைகள் உண்டு. இடையில் இருக்கும் அவர்களுடைய கணினி தொலைவில் இருந்தால் விளையாட்டில் தாமதம் தெரியும்.

நான்காவது, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சர்வரை மாத வாடகைக்கு எடுப்பது. நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகலாம்.

கதவைத் திறப்பவரின் பொறுப்பு

பங்கு முகவரிக்கு ஒரு நன்மையும் உண்டு. கேட்காத கடிதம் உள்ளே வராது என்பது பாதுகாப்பும்தான். 2016இல் ‘மிராய்’ எனும் தீய நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். போட்டி மைன்கிராஃப்ட் சர்வர்களை முடக்கிப் பணம் பார்ப்பதும் அதன் பின்னணியில் இருந்தது. 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் வெளிப்பட்ட ‘லாக்ஃபோர்ஜே’ ஓட்டையோ இன்னும் மோசம். பழைய மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஒன்றின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே அந்தக் கணினியைக் கைப்பற்ற முடிந்தது.

ஆகவே சர்வரைப் புதிய பதிப்பில் வையுங்கள். நண்பர்களின் பெயர்ப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் அனுமதியுங்கள். தேவையான ஒரு போர்ட்டைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள். சோதனைக்காக அணைத்த அரணை மறக்காமல் போடுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இணைப்பு அப்பா அல்லது அம்மா பெயரில் இருக்கும். அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

கொள்கை வகுப்போர் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பொது முகவரியா பங்கு முகவரியா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கச் சொல்லலாம். ஆறாம் பதிப்பில் உள்வரும் அழைப்பைத் திறப்பதா மூடுவதா என்பதை வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு விடலாம். கிராமப்புற, தோட்டப்புற இணைப்பின் தரத்தை அறிக்கையிடும்போது வேகத்தோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். கண்ணாடியிழை தோட்டத்து வாசலுக்கு வருவதற்கு ஆண்டுகள் ஆகலாம். இந்த மூன்றுக்கும் அவ்வளவு காலம் தேவையில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இன்று மாலையே அந்த இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வெவ்வேறாக இருந்தால் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகக் கேள்வி அனுப்புங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் புகார் செய்யலாம். ‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்ற புகார் அவர்களுக்குத் தினமும் வருவது. ‘என் வீட்டுக்குப் பொது முகவரி இல்லை, ஏன்?’ என்று ஒரு படிவம் 5 மாணவர் கேட்டால், அந்தக் கேள்வியை ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்று சொல்லி முடித்துவிட முடியாது.